கம்ப்யூட்டரில் பாகம் பிரித்த கதை

கருமத்தம்பட்டியில் நான் வேலைக்குச் சேர்ந்த தறிக் கம்பெனியில் எனக்கு இரண்டு முதலாளிகள். அண்ணன், தம்பி. ஊரில் பெரியவர், சின்னவர் என்றே சொல்வார்கள். நானும் அப்படியே சொல்லிவிடுகிறேன். பெரியவருக்கு அறுபது நெருங்கிக்கொண்டிருந்தது. சின்னவர் அவருக்கு ஐந்தாறு வயது இளையவர். இருவரும் பேசிக்கொண்டு வருடக்கணக்காகிவிட்டது. எதனால் என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. ஒரு கல்யாணப் பத்திரிகையில் யார் பெயர் மேலே வந்தது என்பதில் ஆரம்பித்தது என்றார்கள் சிலர். ஒரு தென்னை மரம் எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்பதில் என்றார்கள் வேறு சிலர். அவர்களிடமே கேட்டிருந்தால் அவர்களுக்கும் தெரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

பெரிய மனிதர்கள் உட்கார்ந்து பாகம் பிரித்துவைத்திருந்தார்கள். தறிகள் ஆளுக்குப் பாதி. குடோனுக்கு நடுவில் சுவர். கிணற்றில் தண்ணீர் இறைக்க முறை. ஆபீஸ் அறைக்கு நடுவில் பிளைவுட் தடுப்பு. எல்லாவற்றையும் முடித்துவிட்டு, காபி குடித்து எழுந்தபோதுதான் மேஜைமேல் இருந்த கம்ப்யூட்டர் கண்ணில் பட்டிருக்கிறது. கோயமுத்தூரிலிருந்து பொதுவில் வாங்கி வந்தது. “எனக்கு வேணும்” என்று இரண்டு பேருமே சொல்லவில்லையாம். “அவனுக்குப் போகக் கூடாது” என்று மட்டும் இரண்டு பேரும் சொல்லியிருக்கிறார்கள்.

அதனால் பிளைவுட்டில் சதுரமாக ஒரு ஓட்டை போட்டார்கள். மேஜையை அந்த ஓட்டைக்குள் செருகினார்கள். மானிட்டரைச் சுழலும் தட்டு ஒன்றின்மேல் வைத்தார்கள். காலையில் அது பெரியவரைப் பார்க்கும், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு சின்னவரைப் பார்க்கும். கீழே இருந்த பெட்டியின் முகம் பெரியவர் பக்கமும் முதுகு தம் பக்கமும் இருப்பதாகச் சின்னவர் ஆட்சேபம் எழுப்பியதால், அதைக் குறுக்குவாட்டில் திருப்பி, இருவருமே விலாவைப் பார்க்கும்படி வைத்தார்கள்.

என்னையும் இப்படித்தான் பிரித்திருந்தார்கள். டிப்ளமோ முடித்துவிட்டு ஆபரேட்டராகச் சேர்ந்த என் நாற்காலி, காலையில் பெரியவர் பக்கம். சாப்பாடு முடிந்ததும் நான் எழுந்து, வெளியே வந்து, வெயிலில் கட்டிடத்தைச் சுற்றிக்கொண்டு போய், சின்னவர் வாசல் வழியாக நுழைந்து, அதே மேஜையின் மறுபக்கம் உட்கார வேண்டும். ஓட்டை வழியாகக் கையை நீட்டினால் காலையில் உட்கார்ந்த நாற்காலியைத் தொடலாம். தொடக் கூடாது என்பது ஏற்பாடு.

எங்கள் வீடு மாதா கோயிலுக்குப் பக்கத்தில். எங்கள் வீட்டில் பங்கு என்றால் சாமியாரும் கோயிலும். அவர்கள் வீட்டில் பங்கு என்றால் வக்கீலும் கோர்ட்டும். இரண்டிலும் கேட்டதை வெளியில் சொல்லக் கூடாது என்பதை மட்டும் நான் சீக்கிரமே புரிந்துகொண்டேன்.

பிரச்சினை ஃபைல்களில் வந்தது. பெட்டி ஒன்று, உள்ளே இருந்த ஹார்டு டிஸ்க்கும் ஒன்று. காலையில் பெரியவர் சேமித்துவைத்ததை மத்தியானம் சின்னவர் பார்க்கலாம், சின்னவருடையதைப் பெரியவர் பார்க்கலாம். “எம்பட ரகசியமெல்லாம் அவன் படிக்கறான், அம்மணி” என்று இவர் காலையில் புலம்புவார். “அண்ணன்காரரு என்னைய வேவு பாக்கறாரு, கண்ணு” என்று அவர் மத்தியானம் புலம்புவார். இருவருடைய ரகசியங்களையும் டைப் அடித்தவள் நான். நூல் கேட்டு ஈரோட்டுக்கு எழுதிய கடிதங்கள்தான் அவை.

அந்தச் சமயத்தில் ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக ஒரு சிடி வந்தது. லினக்ஸ் என்ற வேறொரு இயங்குதளம் அதில் இருந்தது. டிஸ்க்கை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் விண்டோஸும் மறுபாதியில் லினக்ஸும் வைத்துக்கொள்ளலாம், பெட்டியை ஆன் செய்யும்போது எது வேண்டும் என்று சொன்னால் போதும் என்று பத்திரிகையில் எழுதியிருந்தார்கள். அதற்கு பார்ட்டிஷன் என்று பெயர். அந்த வார்த்தையைக் கேட்டவுடனே இரண்டு பக்கமும் முகம் மலர்ந்தது. கம்ப்யூட்டர் விஷயத்தில் அவர்களுக்கு முதல்முதலாகப் புரிந்த வார்த்தை அதுதான்.

பாகம் பிரித்த பெரிய மனிதர்களில் மூத்தவர், இரண்டு பேருக்கும் மாமன் முறை. அவரை மறுபடியும் அழைத்து வந்தார்கள். அவர் ஓட்டைக்கு நேராக நாற்காலி போட்டு உட்கார்ந்தார். இந்தப் பக்கம் பெரியவர், அந்தப் பக்கம் சின்னவர். நான் ஓட்டையோரம் நின்றுகொண்டு இரண்டு பக்கமும் விளக்கினேன்.

“சரிபாதியா வருமாம்மா?” என்றார் மாமன்.

“வருமுங்க. ஆனா லினக்ஸுக்குத் தனியா ஒரு சின்னத் துண்டு விடோணுமுங்க.”

“அந்தத் துண்டு யாரோடது?” என்று இரண்டு பக்கமிருந்தும் ஒரே நேரத்தில் குரல் வந்தது. அவர்கள் ஒன்றாகப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

வண்டித்தடம் மாதிரி, போக வர விடும் இடம் என்று சொல்லிச் சமாளித்தேன். வண்டித்தடம் என்றதும் இருவருக்கும் அதன் அளவு தெரிய வேண்டியிருந்தது. பெரியவர் அதோடு விடவில்லை. “இதுல கன்னி மூலை எதுங்கம்மணி?” என்று கேட்டார். டிஸ்க் வட்டமாக இருக்கும், மூலையே கிடையாது என்றேன். மூலையில்லாத சொத்து எப்படி விளங்கும் என்று அவர் கொஞ்ச நேரம் கவலைப்பட்டார்.

பிறகு யாருக்கு எது என்ற பேச்சு வந்தது. அண்ணன்தான் முதலில் எடுக்க வேண்டும். பெரியவர் ஒரே கேள்விதான் கேட்டார்.

“ரெண்டுல எது காசு குடுத்து வாங்கறது?”

“விண்டோஸுங்க. லினக்ஸ் ஓசிங்க.”

“ஓசி எனக்கு வேண்டாம். அவனுக்குக் குடுத்துரு.”

மறுநாள் மத்தியானம், நான் வெயிலில் சுற்றிக்கொண்டு போய் உட்கார்ந்ததும், சின்னவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“ஏனுங்கம்மணி, அவரு பக்கத்துல இருந்து பாத்தா எம்பட பக்கம் தெரியுமா?”

“தெரியாதுங்க. அப்படி ஒரு எடம் இருக்கறதே விண்டோஸுக்குத் தெரியாதுங்க.”

“எம்பட பக்கத்துல இருந்து பாத்தா அவரு பக்கம்?”

“நல்லாத் தெரியுங்க. படிக்கலாம், எழுதலாம்.”

சின்னவர் எழுந்து போய், பானையிலிருந்து ஒரு சொம்பு தண்ணீர் மொண்டு குடித்துவிட்டு வந்தார். “சரி, அவரு சொன்ன மாதிரியே செஞ்சுபோடு” என்றார். பெரியவர் என்னிடம் இந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. நான் பிரித்து முடித்ததும், தம்பியின் பக்கம் தமக்குத் தெரிகிறதா என்று மட்டும் பார்த்தார். திரையில் தம்முடைய டிஸ்க் ஒன்றுதான் இருந்தது, வேறொன்றும் இல்லை. “அவன் இருக்கற மாதிரியே தெரியலையே!” என்று அத்தனை சந்தோஷப்பட்டார். அன்றைக்கு எனக்குத் தேங்காய் பன் வாங்கிக் கொடுத்தார்.

சில மாதங்கள் அமைதியாகப் போயின. மத்தியானம் ஒரு முறை பெட்டியை நிறுத்தி மறுபடியும் போடுவேன். கறுப்புத் திரையில் எது வேண்டும் என்று கேட்கும். முதலில் காலை ஷிப்ட், பிறகு மத்தியான ஷிப்ட். தறிக்காரர்களுக்கு இதைவிட இயல்பான ஏற்பாடு இருக்க முடியாது.

பெரியவருக்கு மணிவிழா வந்தது. விழா மலர் ஒன்று அச்சுப் போட வேண்டும் என்று அவர் வீட்டம்மாவும் ஒறம்பரைச் சொந்தங்களும் சொல்லிவிட்டார்கள். மலரில் அவருடைய வாழ்க்கை வரலாறு வேண்டும். அதைத் தாமே எழுதுவதாகப் பெரியவர் முடிவு செய்தார். சிறு வயதில் அண்ணன் தம்பி இருவரையும் தமிழ் டைப்ரைட்டிங் வகுப்புக்கு அனுப்பியிருந்தார்கள். அந்தப் பழக்கம் விரல்களில் இருந்தது. விண்டோஸில் எழுதுவதற்கென்று இருக்கும் நோட்பேடில் தமிழ் எழுத்துருவை வைத்துக்கொடுத்தேன். ஒவ்வொரு நாள் காலையிலும் குளித்து, நெற்றியில் திருநீறு பூசி வந்து, ஒரு பாரா எழுதுவார்.

எல்லாம் ‘தனியாளாக’ என்றே இருந்தது. தனியாளாகச் சோமனூர் போய்ப் பழைய தறி வாங்கினார். தனியாளாக லாரியில் ஏற்றினார். கொட்டுகிற மழையில், தறிகள் நனையாமல், தனியாளாகத் தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு வந்தார். ஒரு தார்ப்பாய்க்கு நான்கு மூலைகள் உண்டே என்று எனக்குத் தோன்றியது. நான் கேட்கவில்லை.

சின்னவர் மத்தியானத்தில் அந்த ஃபைலைத் திறந்தார். முதல் நாள் திரை முழுக்க கோணல்மாணலாக ஏதோ எழுத்துகள் வந்தன. “சங்கேத பாஷைல எழுதறாரு பாத்தியா” என்றார். தமிழ் எழுத்துரு இந்தப் பக்கம் இல்லை, அதனால்தான் அப்படி என்று சொன்னேன். அதையும் கொண்டு வந்து வைக்கச் சொன்னார். அந்தப் பக்கத்திலிருந்தே எடுத்து வைத்தேன். அதற்குப் பிறகு அவர் படித்தார். உதடு அசைய, விரலைத் திரையில் வைத்து, மெதுவாகப் படித்தார். மழை, லாரி, தார்ப்பாய் இடத்துக்கு வந்ததும் விரல் நின்றது.

“தனியாளா?” என்றார்.

அவர் கீபோர்டைத் தம் பக்கம் இழுத்து, ‘மறு முனையைத் தம்பி பிடித்துக்கொண்டான்’ என்று ஒரு வரி சேர்த்துச் சேமித்தார்.

இங்கே ஒரு சின்ன விஷயத்தைச் சொல்ல வேண்டும். வரி முடிந்தது என்பதை விண்டோஸ் ஒரு விதமாகக் குறித்துவைக்கும், லினக்ஸ் வேறு விதமாக. லினக்ஸில் முடித்த வரியை நோட்பேடில் திறந்தால், அந்த இடத்தில் வரி பிரியாமல் ஒரு குட்டிக் கறுப்புக் கட்டம் வந்து நிற்கும். மறுநாள் காலை பெரியவர் திறந்தபோது, தார்ப்பாய் வரிக்கு அடுத்து அந்தக் கட்டம் நின்றது. கட்டத்தைத்தான் முதலில் பார்த்தார்.

“இதென்ன அம்மணி, பொட்டு வெச்ச மாதிரி?”

பிறகு வரியைப் படித்தார். முகம் கறுத்துவிட்டது. அழித்தார். மறுநாள் அந்த வரி மறுபடியும் இருந்தது, கட்டமும் இருந்தது. அதோடு வேறொரு இடத்தில், அவருக்கு அம்மை போட்டிருந்தபோது தறி ஓட்டியது யார் என்று ஒரு முழு பாராவும் இருந்தது. கம்ப்யூட்டர் விற்றவரைக் கோயமுத்தூரிலிருந்து வரவழைத்தார். அவர் வந்து, தட்டிப் பார்த்து, வைரஸ் என்றார். வரலாறு திருத்தும் வைரஸைப் பற்றி நான் அதுவரை கேள்விப்பட்டதில்லை. பெரியவர் வீட்டம்மா எலுமிச்சையும் மிளகாயும் கோத்து மானிட்டரில் கட்டினார். மத்தியானம் மானிட்டர் திரும்பியபோது அதுவும் சேர்ந்து சின்னவர் பக்கம் வந்தது. அவர் அதைப் பார்த்து, “எனக்கும் திருஷ்டி படாம இருக்கட்டும்” என்று விட்டுவிட்டார்.

அடுத்த வாரம் பெரியவருக்குப் புரிந்துவிட்டது. புதிதாக முளைத்த வரிகளில், தார்ப்பாயில் ஒரு ஓட்டை இருந்ததும், அந்த ஓட்டை வழியாகத் தண்ணீர் யார் கழுத்தில் இறங்கியது என்பதும் இருந்தன. அது உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும்.

“அம்மணி,” என்றார், “இதுக்குள்ள அவன் எப்படி வாரான்?”

கேட்டால் சொல்வது என் வழக்கம். சொன்னேன். அவர் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் தெரியாது, அந்தப் பக்கத்திலிருந்து இது முழுக்கத் தெரியும் என்று.

மானிட்டரில் தொங்கிய எலுமிச்சம்பழத்தை விரலால் தட்டிவிட்டார். “அடைச்சுப்போடலாமா?”

“போடலாமுங்க. ஒரே நிமிஷம்.”

“வேண்டாம்” என்றார். உடனே, “நான் கேட்டேன்னு சொல்லிப்போடாத” என்றார்.

அன்று அவர் தம்பியின் வரியை அழிக்கவில்லை. அதன் கீழே எழுதினார்: ‘தார்ப்பாயில் ஓட்டை இருந்தது உண்மை. ஆனால் மறு முனையைப் பிடித்தது சித்தப்பா மகன்.’ மத்தியானம் சின்னவர் அதைப் படித்துவிட்டு எழுதினார்: ‘சித்தப்பா மகன் அன்றைக்கு ஈரோட்டில் இருந்தான். வேண்டுமானால் அவனையே கேட்டுக்கொள்ளவும்.’ அடுத்த நாள் காலை: ‘அவன் ஈரோடு போனது மறுநாள்.’ மத்தியானம்: ‘மறுநாள் எனக்குக் காய்ச்சல். ஏன் காய்ச்சல் வந்தது? நனைந்ததால்.’

முதல் வாரம் ஏட்டுத் தமிழில்தான் சண்டை போட்டார்கள். போகப் போக, ‘ஏன்டா பொய் சொல்ற’ என்றும், ‘உங்களுக்கு வயசாயிருச்சு, ஞாபகம் போயிருச்சுங்க’ என்றும் இறங்கிவிட்டது. எழுத்திலும் சின்னவர் ‘ங்க’ போடத் தவறவில்லை. காலையில் பெரியவர் முன்னைவிடச் சீக்கிரம் வந்தார். சின்னவர் மத்தியானத் தூக்கத்தை விட்டுவிட்டார். பெரியவரின் வாழ்க்கை வரலாறு முப்பது வயதோடு நின்றுவிட்டது. அதற்கு மேல் எழுத அவருக்கு நேரமில்லை.

இதற்கிடையில் பெரியவருக்கு ஒரு குறை அரித்துக்கொண்டே இருந்தது. தம்பி தம்மைப் பார்க்கிறான், தம்மால் அவனைப் பார்க்க முடியவில்லை. “அந்தப் பாதிக்குள்ள என்னமோ வெச்சிருக்கான், அம்மணி. எக்ஸ்போர்ட் ஆர்டர் பேசறானோ என்னமோ.” வேறொரு பத்திரிகை சிடியில், விண்டோஸிலிருந்தபடி லினக்ஸ் பாதியைப் பார்க்க உதவும் ஒரு சிறு புரோகிராம் கிடைத்தது. பார்க்க மட்டும்தான் முடியும், எழுத முடியாது. “பாத்தாப் போதும்” என்றார். போட்டுக் கொடுத்தேன்.

கதவைச் சாத்திவிட்டு வந்து, நாற்காலியை முன்னால் இழுத்து உட்கார்ந்தார். சின்னவருடைய ஃபோல்டரைத் திறந்தேன். உள்ளே பெரியவருடைய வரலாற்றின் பிரதிகள் இருந்தன, அண்ணன் அழித்துவிடுவார் என்று நாளொன்றுக்கு ஒன்றாக எடுத்து வைத்தவை. அதைத் தவிர வேறு எதுவும் இல்லை.

“இவ்வளவுதானா?”

“இவ்வளவுதானுங்க.”

“எக்ஸ்போர்ட்டு?”

“சின்னவரு ஆர்டரெல்லாம் இன்னும் போன்லதானுங்க பேசறாரு. டிஸ்க்குல பாதி காலியாத்தான் கெடக்குது.”

பெரியவருக்குக் கோபம் வந்தது. பாகம் பிரித்து வாங்கிக்கொண்டு, தரிசாகப் போட்டிருக்கிறானே என்ற கோபம். “இதுக்கா அன்னிக்கு அந்தத் துண்டுக்கெல்லாம் சண்டை போட்டான்?” என்று கதவைத் திறந்துகொண்டு போய்விட்டார்.

மலருக்குக் கெடு நெருங்கியது. அச்சகத்துக்கு ஃபிளாப்பி கொடுக்க வேண்டும். பெரியவர் ஒரு காலை முழுதும் உட்கார்ந்து, சண்டையையெல்லாம் அழித்து, கட்டங்களையெல்லாம் துடைத்து, ஃபைலைச் சுத்தம் செய்தார். தார்ப்பாய் இடத்தில் மறுபடியும் ‘தனியாளாக’ வந்தது. ஃபிளாப்பியில் போடுவதை மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று வீட்டுக்குப் போனார்.

மத்தியானம் சின்னவர் திறந்தார். தாம் எழுதிய ஒரு வரிகூட இல்லை. அவர் ஒன்றும் எழுதவில்லை. தம் பக்கம் இருந்த கடைசிப் பிரதியை எடுத்து, அண்ணன் பக்கம் இருந்ததன்மேல் வைத்தார். “பழையபடி இருக்கட்டும்” என்றார்.

மறுநாள் காலை பெரியவர் அவசரத்தில் இருந்தார். வாசலில் கார் நின்றது.

“ஒருக்காத் தொறந்து பாத்துக்கலாமுங்களா?” என்றேன்.

“எம்பட கதை எனக்குத் தெரியாதா அம்மணி? போடு.”

போட்டேன். அவர் ஃபிளாப்பியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

மணிவிழா அவிநாசியில் ஒரு மண்டபத்தில் நடந்தது. நானும் அம்மாவும் போயிருந்தோம். சின்னவரும் குடும்பத்தோடு வந்து, மேடைக்கு எவ்வளவு தூரத்தில் உட்கார முடியுமோ அவ்வளவு தூரத்தில் உட்கார்ந்திருந்தார். வாசலில் வரவேற்கும்போதே மலரைக் கையில் கொடுத்தார்கள். இப்படிப்பட்ட மலர்களை யாரும் படிப்பதில்லை. படத்தைப் பார்த்துவிட்டு, தங்கள் பெயர் இருக்கிறதா என்று தேடிவிட்டு, விசிறிக்கொள்வார்கள். அன்றைக்கு ஓர் அத்தை விசிறுவதை நிறுத்தினார். பக்கத்தில் இருந்தவருக்கு ஓர் இடத்தைக் காட்டினார். கொஞ்ச நேரத்தில் மண்டபமே தலை குனிந்து படித்துக்கொண்டிருந்தது. நாதஸ்வரக்காரர் மட்டும் வாசித்துக்கொண்டிருந்தார்.

முழுச் சண்டையும் அச்சாகியிருந்தது. ‘ஏன்டா பொய் சொல்ற’ ஏழாம் பக்கத்தில். ‘உங்களுக்கு வயசாயிருச்சு’ எட்டாம் பக்கத்தில். கறுப்புக் கட்டங்களை அழகுக்கு வைத்தது என்று நினைத்து அச்சகம் அப்படியே விட்டுவைத்திருந்தது. மாமன் எனக்குப் பக்கத்து வரிசையில் இருந்தார். படித்து முடித்துவிட்டு, இன்னொரு பிரதி கிடைக்குமா என்று பந்தி பரிமாறுகிறவரிடம் கேட்டார்.

பெரியவர் மாலையோடு மேடையிலிருந்து இறங்கினார். நேராகச் சின்னவரிடம் போனார். பந்தியில் பாதிப் பேர் கையைக் கழுவாமல் எழுந்து வந்துவிட்டார்கள்.

“சுத்தம் பண்ணி வெச்சதை எடுத்துப்போட்டது நீதானடா?”

“நான்தானுங்க. பொய்யி அச்சுல வரக் கூடாதுங்க.”

“சித்தப்பன் மகன் இங்கதான் இருக்கான், கேளு!”

சித்தப்பா மகன் ரசம் ஊற்றிய சாப்பாட்டோடு உட்கார்ந்திருந்தான். அன்றைக்கு எங்கே இருந்தான் என்பது தனக்கு ஞாபகமில்லை என்றான்; தார்ப்பாய் என்றால் எந்தத் தார்ப்பாய் என்று கேட்டான். இரண்டு பேரும் அவன்மேல் பாய்ந்தார்கள். ஒரே நேரத்தில், ஒரே வார்த்தையைச் சொல்லித் திட்டினார்கள். மாமன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “பேசிட்டாங்க, பேசிட்டாங்க” என்றார்.

பேசிவிட்டார்கள்தான். அடுத்த நாளிலிருந்து கம்பெனியில் யாருக்கும் நிம்மதி இல்லை. தறிச் சத்தத்தைத் தாண்டிக் கேட்கும்படி பிளைவுட் ஓட்டை வழியாகக் கத்திக்கொள்வார்கள். கணக்குப்பிள்ளை பஞ்சை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். முன்பு எவ்வளவு அமைதியாக இருந்தது என்று வேலைக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். டிஸ்க்கின் இரண்டு பாதிகளும் ஆள் வராமல் கிடந்தன. எனக்கு மட்டும் ஒரு லாபம்: மத்தியானம் வெயிலில் சுற்ற வேண்டாம் என்று ஆகிவிட்டது. பிளைவுட்டில் ஒரு கதவு வைத்தார்கள். அதற்குத் தாழ்ப்பாள் எந்தப் பக்கம் என்பதில் ஒரு மாதம் சண்டை போட்டார்கள்.

மலரும், அது அப்படி அச்சான கதையும் ஊர் ஊராகப் போய்விட்டன. கொஞ்ச நாளில் கிணத்துக்கடவிலிருந்து ஒரு தேங்காய் மண்டிக்காரர் என்னைத் தேடிக்கொண்டு வந்தார். வெள்ளை வேட்டி, கையில் அந்த மலர். பெரியவருக்கும் சின்னவருக்கும் வணக்கம் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“ஏனுங்கம்மணி, எங்க ஊட்டுல அண்ணன் தம்பி மூணு பேருங்க. கம்ப்யூட்டர் ஒண்ணுதானுங்க இருக்குது. மூணாப் போட்டுத் தர முடியுமுங்களா?”